பேர் சொல்லாத விவசாயி

ஜூலை 3, வியாழன்

மதுரையிலிருந்து பகல் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். தொண்டைக்குள் முளைத்திருந்த சின்னக் கட்டியை நேற்று எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லையாம். கத்திக் கத்தியே வந்த காய்ப்பாம். இன்னும் மூன்று வாரத்துக்கு நான் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுப்பாகப் பேசுவதுகூட ஆகாதாம். "மீறிப் பேசினீங்கன்னா பழைய குரல் வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்று டாக்டரம்மா விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்.

அருப்புக்கோட்டையில் என் குரலைக் கேட்காத காது கிடையாது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகும் ஜவுளிக்கடைத் தள்ளுபடி, பங்குனிப் பொங்கல், கண் சிகிச்சை முகாம், கண்ணீர் அஞ்சலி எல்லாமே காளிராஜன்தான். கிழவன் குரல், இளவட்டக் குரல், கோபக்காரன் குரல் எது கேட்டாலும் கொடுப்பேன். அப்பேர்ப்பட்டவன் கையில் இப்போது ஒரு சிலேட்டும் குச்சியும். ஜெயக்கொடிக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. "கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல இன்னைக்குத்தான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டிருக்கீக" என்கிறாள். பதில் சொல்லலாமென்றால் எழுதுவதற்குள் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

இந்த நோட்டும் அவள் வாங்கித் தந்ததுதான். "மனசுல உள்ளதை இதுல கொட்டுங்க. சிலேட்டுல எழுதி எழுதி என் உசுர வாங்காதீக" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

பால்காரரிடம் பேச வாயெடுத்து, நல்லவேளை நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

மாரிக்கனி அக்கா கஞ்சித் தூக்கோடு வந்தாள். எனக்கு ஆறு வயது மூத்தவள். அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். அத்தான் இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள் அனுசுயாவைத் தை மாதம் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டாள். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி.

இன்று அவள் முகத்தில் ஒரு தெளிச்சி. நான் கஞ்சி குடித்து முடித்ததும் முந்தானையிலிருந்து போனை எடுத்தாள். "ஜெயா, நீயும் வாத்தா. இதைக் கேளு. மகளிர் குழுவுல வந்துச்சு."

ஒரு விவசாயி பேசினார். அவருக்குச் சர்க்கரை முந்நூற்று எண்பது இருந்ததாம். ஊசி போட்டுப் போட்டுத் தொடை சல்லடையாகிவிட்டதாம். ஒரு மூலிகைப் பொடியை ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் சாப்பிட்டாராம். ஊசியே இல்லையாம் இப்போது. நடுவில் குரல் உடைந்து அழுதார். "மக கல்யாணத்துல ஊருக்கெல்லாம் நான்தாங்க லட்டு வச்சேன். ஒண்ணப் பிட்டு வாயில போட எனக்குக் குடுத்து வைக்கலீங்களே."

அந்த இடத்தில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் மனசுல உள்ளதை அப்படியே சொல்றாருத்தா அந்த மனுசன். பேருகூடச் சொல்லலை பாரு. விளம்பரத்துக்கு அலையாத ஆளு."

பதினொரு நாளாக ஊசியை நிறுத்திவிட்டாளாம். பொடி மட்டும்தானாம். ஜெயக்கொடி பதறிப் போனாள். நான் சிலேட்டில் 'ஊசியை நிறுத்தாதே' என்று பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். அக்கா சிரித்தாள். "நீ முதல்ல உன் தொண்டையப் பாருடா தம்பி."

நன்றாகத்தான் பேசியிருந்தார் அந்த விவசாயி. தொழில் தெரிந்தவன் சொல்கிறேன், அழுகை இடம் பார்த்து விழுந்திருந்தது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 7, திங்கள்

குழாய்த் தண்ணீர் வந்தது. பதினேழு குடம் பிடித்தேன். பிறகு புளியைக் கொட்டையெடுத்து உருட்டி வைத்தேன். "வாய்க்கு வேலை இல்லைன்னா கை எம்புட்டு வேலை செய்யுது" என்றாள் ஜெயக்கொடி. பரணில் கிடந்த பித்தளை அண்டாவையும் தேய்க்க எடுத்தேன். சும்மா உட்கார்ந்தால் அந்த விவசாயி பேச ஆரம்பித்துவிடுகிறார்.

ஜூலை 9, புதன்

காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின் அவளிடம் இருக்கிறது, அனுசுயா வாங்கிக் கொடுத்தது. 'பார்' என்று எழுதிக் காட்டி, விடாமல் நின்றேன். முனகிக்கொண்டே விரலைக் குத்தினாள். 348. ஊசி போட்ட காலத்தில் நூற்று அறுபதைத் தாண்டாது.

மெஷினை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் அசரவே இல்லை.

"ஏறும்டா. அவருதான் கடைசியில சொல்றாருல்ல, மொத இருபது நாளு சர்க்கரை ஏறும், உள்ள கெடக்குற நஞ்சு வெளிய வருது, பயந்துபோயி பாதியில விட்றாதீகன்னு. ஏறுதுன்னா பொடி வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

'இறங்கியிருந்தால்?' என்று எழுதினேன்.

"அப்பயும் வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்."

'எப்படி ஆனாலும் வேலை செய்கிறது என்றால், செய்யவில்லை என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?' என்று எழுத நினைத்தேன். சிலேட்டில் இடம் போதாது. அதுவுமில்லாமல், அந்த வரியைப் பற்றி அவளைக் கேள்வி கேட்க எனக்கு என்ன யோக்கியதை.

தண்ணீர் எடுக்கிற சாக்கில் ஃபிரிட்ஜைத் திறந்தேன். இன்சுலின் மருந்து மல்லிகைப் பூப் பொட்டலத்துக்குப் பின்னால் உடைக்காமல் கிடந்தது.

ஜூலை 10, வியாழன்

எழுதிவிடுகிறேன். நோட்டுக்குக்கூடப் பொய் சொன்னால் நான் என்ன மனுஷன்.

அந்த விவசாயி நான்தான்.

மார்ச் மாதம் தவசி கூப்பிட்டான். தெற்குத் தெருவில் ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறவன். "அண்ணே, ஒரு மூலிகைப் பொடிக்கு. வயசான விவசாயி வேணும். கொஞ்சம் சாத்தூர்ப் பக்கம் மாதிரி, மரியாதையா 'ங்க' போட்டு." எழுதிய தாளைக் கொடுத்தான். பேர் போடவேண்டிய இடத்தில் கோடு மட்டும் இருந்தது. என்ன பேர் என்று கேட்டேன். "பேரு வேணாம்ணே. பேரு சொன்னா தேடி வந்துருவாக" என்றான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் சிரித்தேன்.

சர்க்கரை ஏறினாலும் பயப்படாதே என்ற வரி அந்தத் தாளிலேயே இருந்தது. அதைப் படித்தபோது இது எமகாதகன் எழுதிய வரி என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் பேசினேன். கண் சிகிச்சை முகாமுக்கும் இதே குரல்தான், கருமாதிக்கும் இதே குரல்தான், நாம் வெறும் குழாய்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் தடவை பேசியது தவசிக்குப் பிடிக்கவில்லை. "சப்புன்னு இருக்குண்ணே. கொஞ்சம் அழுதா நல்லாருக்கும். அழுகுறதுக்கு ஏதாச்சும் ஒண்ணு நீங்களே போட்டுக்கங்க" என்றான். கண்ணை மூடினேன். லட்டு வரி வந்தது. அழுகையும் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தவசி கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எழுத மாட்டேன்.

ஜூலை 12, சனி

நல்ல வெயில். அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. நாளைக்குப் போகலாம்.

ஜூலை 13, ஞாயிறு

போனேன். வாசலில் நின்றபடியே சிலேட்டில் எழுதிக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். 'அந்த ஆடியோவில் பேசியது நான்தான்.'

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு ஒரே சிரிப்பு. இருமல் வருகிறவரைக்கும் சிரித்தாள்.

"எனக்கு ஊசி போட வைக்கணும்னு எம்புட்டு டூப்பு விடுறடா! அவரு அழுகுறாருடா, நெசமா அழுகுறாரு. உனக்கு அழுகத் தெரியுமா? அப்பா செத்தன்னைக்கே ஒரு பொட்டுத் தண்ணி வரலை உன் கண்ணுல."

நான் மறுபடி மறுபடி நெஞ்சில் தட்டிக் காட்டினேன். அவள் சிலேட்டை முந்தானையால் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, "தோசை ஊத்தவா?" என்றாள். சாப்பிட்டேன். இரண்டு தோசை.

வீட்டுக்கு நடக்கும்போது என் நெஞ்சில் இருந்தது பயம் இல்லை, கவலையும் இல்லை. நிம்மதி. சொல்லியாயிற்று, அவள் நம்பவில்லை, இனி என் மேல் குற்றமில்லை என்கிற நிம்மதி. இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

அக்காவின் வலது கால் சுண்டு விரலில் புண். செருப்பு வார் அறுத்ததாம். பத்து நாளாக இருக்கிறதாம், நமக்குச் சொல்லவில்லை. விரல் வீங்கிக் கன்னிப்போய் இருக்கிறது. பக்கத்தில் குனிந்தால் வாடை. அதன் மேலும் அந்தப் பொடியைக் குழைத்துப் பூசியிருக்கிறாள்.

"வலியே இல்லை ஜெயா. பாத்தியா, வலிய எடுத்துருச்சு பொடி" என்று அமுக்கிக் காட்டினாள்.

ஜெயக்கொடி நம் தெரு முனை டாக்டருக்குப் போன் போட்டாள். வலி இல்லை என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம், நரம்பு மரத்துப் போயிருக்கிறது, உடனே கூட்டி வாருங்கள் என்று அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அக்கா கையை வீசினாள். "அவரு அப்படித்தான் சொல்வாரு. நாம குணமாயிட்டா அவரு யாருக்கு வைத்தியம் பாக்குறது? இன்னும் இருபத்தேழு நாளு. மண்டலம் முடியட்டும், நானே வாரேன்."

அதுவும் தாளில் இருந்த வரிதான். நான் பேசிய வரி.

ஜூலை 16, புதன்

மதியம் ஜெயக்கொடி கையில் இந்த நோட்டைக் கொடுத்தேன். வாசிக்கிறவரைக்கும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கொல்லையில் நின்று கொடியில் காயாத துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மதினிகிட்டப் பேசுங்க" என்றாள்.

சிலேட்டில் 'டாக்டரம்மா' என்று எழுத ஆரம்பித்தேன். குச்சியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவுக காலு அழுகிக்கிட்டு இருக்கு. உங்க தொண்டை பெருசா? எழுதிக் காட்டுனா நம்ப மாட்டாகன்னு தெரிஞ்சுக்கிட்டே எழுதிக் காட்டிட்டு வந்தீகல்ல? காசு குடுத்தவன் கேட்டப்பத் தொறந்த வாயி, கூடப் பொறந்தவளுக்குத் தொறக்காதா?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. குரல் போய்விடும் என்று பயந்தேன், உண்மைதான். அதைவிடப் பெரிய பயம், குரல் வந்து அக்கா நம்பிவிடுவாளே என்பது.

ஜூலை 17, வியாழன்

பேசிவிட்டேன்.

பதினோரு மணி இருக்கும். அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெயக்கொடி கதவோரம் நின்றாள். நான் சிலேட்டை சன்னல் கட்டையில் வைத்துவிட்டு அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"நான் சாத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயிங்க" என்றேன்.

பதினைந்து நாளுக்குப் பிறகு வந்த சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. உடைந்த ஓட்டுத் துண்டைத் தரையில் இழுத்த மாதிரி. அக்கா பதறி, "டேய் பேசாதடா! தொண்டை போயிரும்டா!" என்று கீரையோடு கையை நீட்டி என் வாயைப் பொத்த வந்தாள். அப்போதும் அவளுக்கு என் தொண்டைதான் பெரிதாக இருந்தது.

கையை விலக்கினேன். "பேரு எதுக்குங்க. முந்நூத்தி எம்பது இருந்துச்சுங்க எனக்கு. ஊசி போட்டுப் போட்டு தொடை சல்லடையாப் போச்சுங்க." ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், எல்லாம் அதே இடத்தில். அவள் கை அப்படியே நின்றது. குரல் வேறாக இருந்தாலும் இழுக்கிற இழுப்பு காதுக்குத் தெரியும். இருபது முப்பது தடவை கேட்டிருக்கிறாளே.

"மக கல்யாணத்துல ஊருக்கெல்லாம் நான்தாங்க லட்டு வச்சேன்" என்றேன். அடுத்த வரி எனக்கு வரவில்லை. தொண்டையில் ரத்த ருசி.

அக்கா மெதுவாகச் சொன்னாள். "ஒண்ணப் பிட்டு வாயில போட எனக்குக் குடுத்து வைக்கலையே."

கீரைத் தட்டு மடியிலிருந்து சரிந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அதை நான் உங்கிட்ட மட்டும்தானடா சொன்னேன்" என்றாள்.

ஆமாம். எழுத மாட்டேன் என்றதை இப்போது எழுதுகிறேன். அனுசுயா கல்யாணத்தன்று பந்தி முடிந்த பிறகு, மண்டபத்துச் சாமான் அறையில் காலிப் பாத்திரங்களுக்கு நடுவே அக்கா ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். மகள் போகிறாளே என்று அழுகிறாளாக்கும் என்று நினைத்துப் போனேன். லட்டைக் காட்டிக் குழந்தை மாதிரி அழுதாள். வெளியே சொல்லிடாதடா, சிரிப்பாக, என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். இரண்டு மாதத்தில் அதை மைக்கில் சொல்லி அழுதேன். அவள் துக்கத்தையே எடுத்து அவளுக்கே மருந்து விற்றிருக்கிறேன். அவள் பொடியை நம்பவில்லை, விவசாயியையும் நம்பவில்லை. தன் சொந்த வார்த்தையைத்தான் நம்பியிருக்கிறாள்.

"மன்னிச்சிருக்கா" என்றேன். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பொடி டப்பாவைத் தூக்கிக் கொல்லைப் பக்கம் வீசினாள். "ஜெயா, ஆட்டோவைக் கூப்பிடுத்தா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்." எழுப்பிவிடப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு ஜெயக்கொடி தோளைப் பிடித்து எழுந்தாள்.

ஜூலை 19, சனி

சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் நாலைந்து நாள் தள்ளியிருந்தால் பாதமே போயிருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னாராம். 'சொன்னாராம்' என்றுதான் எழுத முடிகிறது. உள்ளே விடாதே என்று அக்கா சொல்லிவிட்டாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

அனுசுயா திருப்பூரிலிருந்து வந்திறங்கி, "மாமா, அம்மாவுக்கு எப்படி இப்படி ஆச்சு?" என்று கேட்டாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். இன்னும் பேசக் கூடாது என்று அவள் புரிந்துகொண்டாள். மறுபடியும் ஒளிந்துகொண்டேன்.

ஜூலை 24, வியாழன்

மதுரையில் டாக்டரம்மா கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, பேசினீர்களா என்றார். பேசினேன் என்றேன். பயிற்சி செய்தால் பேச்சு தெளிவாகும், பழைய ஏற்ற இறக்கம் வராது என்றார். பரவாயில்லை என்றேன். அவருக்குத்தான் வருத்தமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே அனுசுயாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

தவசியிடம் போய் அந்த ஆடியோவை அழித்துவிடு என்றேன். "எங்கிட்ட இருக்குறதை அழிச்சுட்டா ஆச்சாண்ணே? அது ஊர் ஊராப் போயிருச்சு" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "அவுகளே அடுத்தது கேக்குறாக. மூட்டு வலிக்கு. அதே பொடிதான், அதே விவசாயி வேணுமாம். உங்க தொண்டை வேற இப்ப நல்லா வயசான மாதிரி இருக்கு" என்றான்.

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். மார்ச்சில் நானும் இவனைப் போலத்தான் பேசிக்கொண்டு நின்றேன் என்று நினைப்பு வந்தது. கையை இறக்கிக்கொண்டேன்.

நடந்ததை என் பேரில் பேசிப் பதியப் போகிறேன் என்றேன். "பேரைச் சொல்லி, தப்புப் பண்ணிட்டேன்னு பேசுனா யாருண்ணே அடுத்தவுகளுக்கு அனுப்புவாக?" என்றான். இருக்கட்டும், மைக்கைப் போட்டு வை என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் போனேன். கதவு சாத்தியிருந்தது. சன்னல் கட்டையில் என் சிலேட்டு, தெருப்பக்கம் பார்த்த மாதிரி. அன்று விட்டுவிட்டு வந்தது. அதில் 231 என்று எழுதியிருந்தது. வேறு ஒன்றுமில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

204.

ஆகஸ்ட் 4, திங்கள்

198. உள்ளே மிக்சி ஓடுகிற சத்தம். "அக்கா" என்றேன். மிக்சி நிற்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பேச வேண்டியதை ஆறு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். எழுதினால் அந்த விவசாயியே எழுந்து வருகிறார். எங்கே நிறுத்தினால் ஜனம் உருகும் என்று கை தானாகக் கோடு போடுகிறது. லட்டை எடுத்துவிட்டு எழுதினால் விஷயமே புரியவில்லை. சேர்த்தால் இன்னொரு தடவை திருடுகிறேன்.

நம் தெரு வாட்ஸப் குழுவில் இன்று யாரோ அந்த ஆடியோவை அனுப்பியிருக்கிறார்கள். 'பயனுள்ள தகவல், அனைவருக்கும் பகிரவும்.'

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அக்கா, நடந்ததைப் பூரா சொல்லிப் பதியலாம்னு இருக்கேன். அந்தப் பொடி இன்னும் சுத்துது. லட்டு விசயத்தைச் சொல்லாமச் சொல்ல முடியலை. நீ வேணாம்னா சொல்லலை." உள்ளிருந்து கை மட்டும் வந்தது. சிலேட்டை எடுத்துக்கொண்டு சன்னலைச் சாத்தியது.

ஆகஸ்ட் 11, திங்கள்

சிலேட்டு இல்லை. எதற்குக் கேட்டேன் என்று நாளெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சிலேட்டு இருந்தது. மேலே 164. அதற்குக் கீழே அக்காவின் கோணல் எழுத்தில் இரண்டு வரி.

'விரல் போனதையும் சொல்லு. இந்தத் தடவை என் பேரச் சொல்லிச் சொல்லு.'